டைக்ளோபினாக்: வலி போகும் வழியும் அதன் விலையும்

டைக்ளோபினாக், ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள் என்னும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த வலி நிவாரணி. ஆஸ்பிரின், ஐபுப்ரோபென், நாப்ராக்சென், இண்டோமெதசின், அசெக்ளோபினாக், மெலாக்சிகம் ஆகியவை இதன் உறவுகள். பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தில் சேராது. அது காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். ஆனால் வீங்கிச் சிவந்த மூட்டில் அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. டைக்ளோபினாக் மூன்றையும் செய்யும். மாத்திரை, ஊசி, ஆசனவாய் வழி வைக்கும் மருந்து, தைலம்போல் பூசும் ஜெல், கண் சொட்டு மருந்து எனப் பல வடிவங்களில் அது கிடைக்கிறது.

மருந்தின் பெயரிலேயே அதன் வேதியியல் இருக்கிறது. ‘டை’ என்றால் இரண்டு. ‘குளோ’ குளோரினைக் குறிக்கும். மிச்சம் பீனைல் அசெட்டிக் அமிலத்தின் சுருக்கம். மூலக்கூறில் உள்ள அந்த இரண்டு குளோரின் அணுக்கள் ஒரு வளையத்தைச் சற்றே முறுக்கி நிறுத்துகின்றன. அந்த முறுக்கு இருப்பதால்தான் மருந்து தன் இலக்கான நொதியின் குழிக்குள் சரியாகப் போய் உட்காருகிறது. சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தில் ஆல்ஃபிரட் சால்மன், ருடால்ஃப் ஃபிஸ்டர் ஆகியோர் இதை உருவாக்கினர். 1970களின் முற்பகுதியில் வோல்டாரென் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் பலருக்கும் தெரிந்த பெயர் வோவெரான்.

வலி எப்படித் தணிகிறது

படியில் இறங்கும்போது கால் பிசகிக் கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அடிபட்ட திசுக்களின் செல் சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு வெளியேறுகிறது. சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்னும் நொதி அதைப் பிடித்துப் புராஸ்டாகிளாண்டின் ஆக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. புராஸ்டாகிளாண்டின் சேரச் சேர அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. இடம் சிவந்து சூடாகிறது. நீர் கசிந்து வீங்குகிறது. வலி நரம்புகளின் நுனியும் கூர்மையாகிவிடுகிறது. சாதாரண நாளில் உறைக்காத தொடுகை அன்று உயிர்போவதுபோல் வலிப்பது இதனால்தான். காய்ச்சலின்போது மூளையில் உடல் வெப்பத்தை ஏற்றிவைப்பதும் புராஸ்டாகிளாண்டின்தான்.

டைக்ளோபினாக் இந்த நொதியை அடைக்கிறது. புராஸ்டாகிளாண்டின் உற்பத்தி நின்றதும் வீக்கம் வற்றுகிறது, நரம்பு நுனி பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் வேலை செய்வது இப்படித்தான் என்பதை 1971இல் கண்டறிந்தவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன். 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஸ்வீடனின் சூனே பெரிஸ்ட்ரோம், பெங்ட் சாமுவெல்சன் ஆகியோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்த நொதி இரண்டு வடிவங்களில் இருக்கிறது. காக்ஸ்-1 உடலின் அன்றாடப் பராமரிப்பைப் பார்ப்பது: இரைப்பையின் உட்சுவரைக் காப்பது, ரத்தம் உறைவதற்குத் தட்டணுக்களைத் தயார் செய்வது ஆகியவை அதன் பணிகள். காக்ஸ்-2 பெரும்பாலும் அடிபட்ட இடத்திலும் அழற்சி உள்ள இடத்திலும் தலைதூக்குவது. என்றாலும் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயின் உட்சுவரிலும் அதற்கு அன்றாட வேலை உண்டு. டைக்ளோபினாக் இரண்டையும் அடைக்கும். காக்ஸ்-2ஐச் சற்றுக் கூடுதலாக அடைக்கும். விழுங்கிய மாத்திரைக்கு முழங்கால் எது, இரைப்பை எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. ரத்தம் போகும் இடமெல்லாம் போய், புராஸ்டாகிளாண்டின் எங்கே உருவானாலும் அதைக் குறைக்கும். நன்மை, தீமை இரண்டும் புறப்படும் இடம் இதுவே.

உடலுக்குள் அதன் பயணம்

வாய்வழி உட்கொண்ட டைக்ளோபினாக் குடலில் முழுமையாக உறிஞ்சப்படுகிறது. ஆனால் கல்லீரல் வழியாகப் போகும்போதே ஏறக்குறையப் பாதி சிதைந்துவிடுகிறது. மீதியில் 99 விழுக்காட்டுக்கு மேல் ரத்தத்திலுள்ள புரதத்துடன் ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. அதன் அரை ஆயுள் 1 முதல் 2 மணி நேரம்தான். ஆனாலும் வலி தணிவு அதைவிட நீண்ட நேரம் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு: மூட்டுக்குள் இருக்கும் நீரில் மருந்து மெல்லச் சேர்கிறது, ரத்தத்தில் வற்றிய பிறகும் அங்கே தங்கியிருக்கிறது.

மாத்திரைகளில் இரண்டு உப்புகள் புழக்கத்தில் உள்ளன. டைக்ளோபினாக் சோடியம் பெரும்பாலும் குடலில் மட்டும் கரையும் பூச்சுடன் வரும். வேலை தொடங்கச் சற்று நேரம் ஆகும். டைக்ளோபினாக் பொட்டாசியம் விரைவில் கரையும். பல்வலி, மாதவிடாய் வலி, ஒற்றைத் தலைவலி போன்று உடனடித் தணிவு வேண்டிய இடங்களுக்கு அது ஏற்றது. பட்டையில் ‘எஸ்.ஆர்.’ என்று அச்சிட்டிருந்தால் மருந்து மெதுவாக வெளியேறும் வகை என்று பொருள். அதை உடைத்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. பல மணி நேரத்துக்கான அளவு ஒரேயடியாக ரத்தத்தில் ஏறிவிடும்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 50 மி.கி., ஒரு நாளைக்கு 2 அல்லது 3 வேளை. எந்த வடிவில் எடுத்தாலும் ஒரு நாள் மொத்தம் 150 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் வலி கூடுதலாகக் குறைவதில்லை. பக்கவிளைவு மட்டும் கூடும்.

எங்கெல்லாம் பயன்படுகிறது

மூட்டு நோய்கள்தான் இதன் முதல் களம். முழங்கால் மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், யூரிக் அமிலத்தால் கால் கட்டைவிரல் திடீரென வீங்கும் கௌட் ஆகியவற்றில் வலியையும் காலையில் எழும்போது உள்ள விறைப்பையும் அது குறைக்கிறது. ஆனால் மூட்டு அரித்துப்போவதை அது தடுப்பதில்லை. முடக்குவாதத்தின் போக்கை மாற்ற மெதோட்ரெக்சேட் போன்ற வேறு மருந்துகள் வேண்டும். வலி இல்லையே என்று வலி நிவாரணியோடு நின்றுவிடுபவரின் மூட்டு உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருக்கும்.

சுளுக்கு, தசைப் பிடிப்பு, எலும்பு முறிவு, பல் பிடுங்கிய பிறகான வலி, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலி ஆகியவற்றில் சில நாள் பயன்பாட்டுக்கு இது கைகண்ட மருந்து. மாதவிடாய் வலிக்குக் காரணமே கருப்பையில் மிகுதியாகும் புராஸ்டாகிளாண்டின் என்பதால், அங்கேயும் பலன் நேரடியானது. ஒற்றைத் தலைவலிக்கும் உதவும். ஆனால் மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் வலி மாத்திரை எடுத்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடுவது உண்டு.

சிறுநீரகக் கல் வலி தனியாகச் சொல்லத்தக்கது. கல் சிறுநீர்க் குழாயை அடைத்ததும் சிறுநீரகத்தில் புராஸ்டாகிளாண்டின் பெருகி, ரத்த ஓட்டமும் சிறுநீர் உற்பத்தியும் கூடுகின்றன. அடைப்புக்கு மேலே அழுத்தம் ஏறி, நோயாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரளுகிறார். டைக்ளோபினாக் இந்தச் சங்கிலியை அதன் வேரிலேயே வெட்டுகிறது. கத்தாரின் தோஹாவில் 1,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2016இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. தசையில் போடும் 75 மி.கி. டைக்ளோபினாக், சிரைவழி ஏற்றும் பாராசிட்டமால், மார்ஃபின் ஆகிய மூன்றையும் அது ஒப்பிட்டது. அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தோர் டைக்ளோபினாக் பெற்றவர்களில் 68 விழுக்காடு, மார்ஃபின் பெற்றவர்களில் 61 விழுக்காடு.

பித்த நாளத்தையும் கணைய நாளத்தையும் உள்நோக்கிக் கருவி வழியாகப் பார்க்கும் இ.ஆர்.சி.பி. சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கணைய அழற்சி வரும். அதைத் தடுக்க 100 மி.கி. டைக்ளோபினாக்கை ஆசனவாய் வழி வைப்பதும் இன்று வழக்கத்தில் உள்ளது. கண்புரை அறுவைக்குப் பின் அழற்சியைக் குறைக்க 0.1 விழுக்காடு சொட்டு மருந்து தரப்படுகிறது.

ஊசியும் ஜெல்லும்

‘ஒரு வலி ஊசி போட்டுவிடுங்க’ என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 75 மி.கி. டைக்ளோபினாக். புட்டத்தின் மேல் வெளிப்பக்கத் தசையில் ஆழமாகப் போட வேண்டிய ஊசி இது. இடம் தவறினால் தொடைவழி இறங்கும் சயாட்டிக் நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் தொங்கிப்போகலாம். அரிதாக, ஊசி போட்ட இடத்தில் சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்டு, தோல் வலை பின்னியதுபோல் நீலம் பாரித்துக் கறுத்து அழுகுவதும் உண்டு. நிக்கோலாவ் நோய்க்குறி என்று இதற்குப் பெயர். ஊசி இரண்டு நாளுக்கு மேல் தொடரக் கூடாது என்பது விதி. வலி நீடித்தால் மாத்திரைக்கு மாற வேண்டும். வாயில் போடாததால் ஊசி வயிற்றைக் கெடுக்காது என்ற நம்பிக்கை தவறு. இரைப்பைக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி ரத்தம் வழியாக வருவது. குடலில் கரையும் பூச்சு மாத்திரைக்கும் இதே கணக்குத்தான்.

இதற்கு மாற்றாக ஜெல் பாதுகாப்பானது. தோல் வழியாக உடலுக்குள் போகும் மருந்து, மாத்திரையில் போவதில் சுமார் 6 விழுக்காடுதான். முழங்கால், கைவிரல் மூட்டு, கணுக்கால்போலத் தோலுக்கு அருகிலுள்ள இடங்களில் அது நன்கு வேலை செய்யும். இடுப்பு மூட்டுபோல ஆழமான இடத்துக்கு எட்டாது. ஜெல் குழாயின் மேல் ‘1.16 விழுக்காடு டைக்ளோபினாக் டைஎத்திலமின்’ என்று இருக்கும். அது 1 விழுக்காடு டைக்ளோபினாக் சோடியத்துக்குச் சமம். பூசியவுடன் ஜில்லென்று இருப்பது உடன் சேர்த்துள்ள மெந்தாலின் வேலை. டைக்ளோபினாக்கின் பலன் தெரியச் சில நாள் தொடர்ந்து பூச வேண்டும். காயத்தின் மேலோ புண்ணின் மேலோ பூசக் கூடாது. பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வைப்பதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மருந்து அளவுக்கு மீறி உள்ளே போகும்.

இரைப்பை

இரைப்பைக்குள் சுரக்கும் அமிலம் இறைச்சியையே கரைக்கும். அது தன் சுவரையே அரிக்காமல் இருப்பதற்குக் காரணம் சளிப் படலம், அமிலத்தை ஈடுசெய்யும் பைகார்பனேட், நல்ல ரத்த ஓட்டம். இம்மூன்றுக்கும் புராஸ்டாகிளாண்டின் வேண்டும். அது குறைந்தால் முதலில் எரிச்சலும் உப்புசமும் வரும், தொடர்ந்தால் புண், புண் ஆழமானால் ரத்தக்கசிவு அல்லது ஓட்டை. பலருக்கு முன்னறிவிப்பாக வயிற்று வலியே வராது, வலியை மாத்திரை மறைத்துவிடுவதால். முதல் அறிகுறியே தார்போலக் கறுத்த மலமாகவோ ரத்த வாந்தியாகவோ இருக்கலாம். மெல்லக் கசியும் ரத்தம் யாருக்கும் தெரியாமல் சோகையாகவும் வெளிப்படும்.

ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல. 65 வயதைக் கடந்தவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை எடுப்பவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். மதுவும் புகையும் ஆபத்தைக் கூட்டும். உணவோடு உட்கொள்வது எரிச்சலைக் குறைக்குமே தவிர, புண்ணைத் தடுக்காது. மக்கள் ‘கேஸ் மாத்திரை’ என்று சொல்லும் ஓமிப்ரசோல், பேண்டப்ரசோல் ஆகியவை இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் உண்மையான காப்பு. அதற்கும் கீழே உள்ள குடலுக்கு அந்தக் காப்பு எட்டாது.

இதயம்

ரத்தக் குழாய்க்குள் எப்போதும் ஒரு தராசு ஆடிக்கொண்டிருக்கிறது. தட்டணுக்கள் காக்ஸ்-1 துணையுடன் திராம்பாக்சேனைச் செய்கின்றன; அது ரத்தத்தை உறையத் தூண்டும். குழாயின் உட்சுவர் காக்ஸ்-2 துணையுடன் புராஸ்டாசைக்ளினைச் செய்கிறது. அது குழாயை விரித்து உறைவைத் தடுக்கும். காக்ஸ்-2ஐ மட்டும் அதிகமாக அடக்கினால் தராசு உறையும் பக்கம் சாயும்.

வயிற்றைக் காப்பதற்காகக் காக்ஸ்-2ஐ மட்டுமே அடைக்கும்படி செய்த ரோஃபெகாக்சிப் 1999இல் சந்தைக்கு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்ததும் 2004 செப்டம்பரில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகுதான் ஆய்வாளர்களின் பார்வை பழைய மருந்துகளின் மேலும் திரும்பியது. 2013இல் ‘லான்செட்’ வெளியிட்ட பெரும் தொகுப்பாய்வு நூற்றுக்கணக்கான சோதனைகளின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அன்றாடம் 150 மி.கி. டைக்ளோபினாக், காக்ஸ்-2 மருந்துகளைப் போலவே, பெரிய ரத்தக்குழாய் நோய்களை மூன்றில் ஒரு பங்கு கூட்டுவது தெரிந்தது. ஓராண்டு இத்தகைய மருந்தை எடுக்கும் 1,000 பேரில் கூடுதலாக 3 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வருகின்றன. அவர்களில் ஒருவர் உயிரிழக்கிறார். அதே ஆய்வில் நாப்ராக்சென் இந்த ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை.

நல்ல உடல்நிலையில் உள்ள 30 வயதுக்காரர் சுளுக்குக்கு மூன்று நாள் சாப்பிடும்போது இந்த எண் பெரிதல்ல. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கோ பக்கவாதம் வந்தவருக்கோ அது பெரிது. அதே 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை, இதயச் செயலிழப்பு, இதய ரத்தக்குழாய் அடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு டைக்ளோபினாக் கூடாது என்று அறிவித்தது. 2015 ஜனவரி முதல் பிரிட்டனில் சீட்டில்லாமல் அந்த மாத்திரையை வாங்க முடியாது. உலகெங்கும் பரவலாக விற்கும் மருந்தாக இருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டைக்ளோபினாக் இடம்பெற்றதில்லை. அங்கே இருப்பவை ஐபுப்ரோபெனும் ஆஸ்பிரினும். இம்மருந்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைப்பதால் ரத்த அழுத்தமும் ஏறும். கட்டுக்குள் இருந்த அழுத்தம் காரணமின்றிக் கூடினால், அண்மையில் சேர்ந்த வலி மாத்திரையைத்தான் முதலில் தேட வேண்டும்.

சிறுநீரகம்

சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தத்தைக் கொண்டுவரும் நுண்குழாயைத் திறந்து வைத்திருப்பது புராஸ்டாகிளாண்டின். உடலில் நீர் நிறைந்திருக்கும் இளைஞருக்கு அதன் தேவை குறைவு. அதனால் டைக்ளோபினாக்கால் அவர் சிறுநீரகம் பெரிதும் பாதிப்பதில்லை. வயிற்றுப்போக்கால் நீர் வற்றியவர், சித்திரை வெயிலில் நாள் முழுதும் கட்டட வேலையோ வயல் வேலையோ பார்த்தவர், இதய நோயாளி, முதியவர், நாள்பட்ட சிறுநீரக நோயாளி ஆகியோருக்கு வடிகட்டி ஓடுவதே அதன் தயவில்தான். அவர்கள் உடம்பு வலிக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் குழாய் சுருங்கி, வடிகட்டுவது சட்டென்று குறையும்.

மூன்று மருந்துகள் ஒன்றுசேரும்போது ஆபத்து உச்சத்துக்குப் போகிறது: எனாலபிரில், டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, வலி மாத்திரை. ஒன்று வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை விரிக்கிறது. இன்னொன்று நீரைக் குறைக்கிறது. மூன்றாவது உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. முதல் இரண்டும் பல நேரங்களில் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதால், தான் இரண்டு மருந்து சாப்பிடுவதே நோயாளிக்குத் தெரியாது. மூன்றாவது, முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கியதாக இருக்கும்.

மாட்டுக்குப் போட்ட ஊசி

சிறுநீரகத்தை டைக்ளோபினாக் என்ன செய்யும் என்பதை இந்தியத் துணைக்கண்டம் மனிதர்களிடம் அல்ல, பாறுக் கழுகுகளிடம் கண்டது. 1990களில் கால்நடைகளுக்கு மலிவான வலி மருந்தாக டைக்ளோபினாக் பரவியது. மருந்து போட்டுச் சில நாளில் இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. யூரிக் அமிலம் வெளியேற வழியின்றி, இதயம், கல்லீரல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளையாகப் படிந்தது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு வழியாக லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் ‘நேச்சர்’ இதழில் காரணத்தை உறுதிசெய்தனர். அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துபோயிருந்தன.

2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கை இந்தியா தடைசெய்தது. ஆனால் மனிதர்களுக்கென்று வந்த பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போவது நிற்கவில்லை. மனிதருக்கு ஒரு வேளைக்குத் தேவையான 75 மி.கி. மருந்து 3 மி.லி.க்குள் அடங்கிவிடும், பல வேளை மருந்துள்ள குப்பி ஒரு மாட்டின் அளவு. எனவே 2015இல் மனிதருக்கான ஊசி மருந்து 3 மி.லி. ஒரு வேளைக் குப்பியில் மட்டுமே வர வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. அதை எதிர்த்த வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்தியது. மாட்டின் உடலுக்குள் டைக்ளோபினாக்காக மாறும் அசெக்ளோபினாக்கும், அதனுடன் கீட்டோபுரோபெனும் 2023இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. பாறுகளைக் கொல்லாத மாற்று மருந்து மெலாக்சிகம். நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளின் வாழ்வு இந்தத் தடைகள் எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதில் தொங்குகிறது.

கல்லீரல், கர்ப்பம், காய்ச்சல்

தன் உறவு மருந்துகளைவிட டைக்ளோபினாக் கல்லீரலைச் சற்று அதிகமாகச் சீண்டும். நீண்ட நாள் எடுப்பவர்களில் 100க்கு 2 முதல் 4 பேருக்குக் கல்லீரல் நொதிகள் இயல்பின் மூன்று மடங்குக்கு மேல் ஏறுகின்றன. பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு மஞ்சள் காமாலையும் கல்லீரல் செயலிழப்பும் வரும். மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்வது இதற்காகவே.

கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் குறிப்பாகச் சொன்னாலொழிய, இம்மருந்து கூடாது. கருவின் சிறுநீரகம் பாதித்துப் பனிக்குட நீர் வற்றலாம். கடைசி மூன்று மாதங்களில், பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய கருவின் முக்கிய ரத்த நாளம் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின் வகை மருந்து எதை எடுத்தாலும் மூச்சு இறுகும். மூக்கில் சதை வளர்ச்சியும் சேர்ந்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு வலி ஊசி கேட்டு வாங்குவது தமிழ்நாட்டில் பழகிப்போன வழக்கம். அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால், தட்டணுக்கள் எண்ணிக்கையில் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். டைக்ளோபினாக் மீதியிருக்கும் தட்டணுக்களின் வேலையையும் கெடுத்து, இரைப்பையையும் புண்ணாக்கினால் ரத்தக்கசிவுக்கு வழி திறந்ததாகிவிடும். காரணம் தெரியாத காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே பாதுகாப்பானது.

சேரக் கூடாத மருந்துகள்

வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பிகளுடன் சேர்ந்தால் கசிவு கூடும். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டலோபிராம் போன்றவையும் கசிவு ஆபத்தைக் கூட்டும். லித்தியம், மெதோட்ரெக்சேட் ஆகியவை சிறுநீரில் வெளியேறுவது தடைப்பட்டு நஞ்சாகலாம். ஒரே குடும்பத்து மருந்துகள் இரண்டை ஒன்றாக எடுப்பது இவை எல்லாவற்றையும்விடச் சாதாரணமாக நடக்கும் பிழை. பல் மருத்துவர் தந்தது அசெக்ளோபினாக், எலும்பு மருத்துவர் தந்தது டைக்ளோபினாக், கடையில் வாங்கியது ஐபுப்ரோபென் கலந்த மாத்திரை என மூன்று பெயர்களில் ஒரே வேலை நடக்கும். வலி கூடுதலாகக் குறையாது. புண் மட்டும் விரைவில் வரும்.

இதன் இன்னொரு முகம் ‘செட்டு மாத்திரை’. மூட்டு வலி என்றதும் நாலைந்து பட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, காலைக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று தருவார்கள். பெயரும் காலாவதி நாளும் அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிடும். அதில் ஒன்று வலி மாத்திரை. இன்னொன்று டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாகவும் இருக்கக்கூடும். ஸ்டீராய்டு சேர்ந்தால் வலி மந்திரம் போட்டதுபோல் மறையும். இரைப்பைப் புண்ணின் ஆபத்து பல மடங்காகும். நாளை ரத்த வாந்தியோடு மருத்துவமனைக்கு வந்தால், என்ன சாப்பிட்டார் என்று சொல்ல நோயாளியிடம் எதுவும் இருக்காது. இந்தியச் சட்டப்படி டைக்ளோபினாக் மாத்திரையும் ஊசியும் மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டியவை.

முறையான பயன்பாடு

எல்லா வழிகாட்டுதல்களும் ஒரே விதியில் வந்து சேர்கின்றன: வலியை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாள். சுளுக்குக்கும் பல்வலிக்கும் சில நாள் போதும். ஒரு வாரத்தில் குறையாத வலிக்குத் தேவை அடுத்த பட்டை அல்ல, காரணத்தைக் கண்டறியும் பரிசோதனை. முழங்கால் தேய்மானத்தில் தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, ஜெல் ஆகியவை முதலில். மாத்திரை வலி முற்றும் நாள்களுக்கு மட்டும். முடக்குவாதம்போல நெடுநாள் தேவைப்படுவோருக்குக் கேஸ் மாத்திரைக் காப்புடன், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கல்லீரல் நொதி ஆகியவற்றைக் காலமுறையில் பார்த்து வர வேண்டும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை ஆறு: அல்சர், இதய நோய் அல்லது பக்கவாதம், சிறுநீரக நோய், ஆஸ்துமா, கர்ப்பம், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்தோ அளவோ மாறும்.

கறுத்த மலம், ரத்த வாந்தி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒருபக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், சிறுநீர் குறைதல், முகமோ காலோ வீங்குதல், கண் மஞ்சளாதல், தோலில் கொப்புளத்துடன் தடிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது மாத்திரைப் பட்டையையும் கையோடு எடுத்துச் செல்வது சிகிச்சைக்கு உதவும்.